நான் எடுத்துவிட்ட இரண்டாவது பந்து

அந்தப் பெண் ஃப்ரீ த்ரோ போட நின்றால் முதல் பந்து விழாது, இரண்டாவது தவறாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஆட்டத்தை வேகப்படுத்துவதற்கு என்று சொல்லி, இரண்டு பந்தை ஒன்றாக்கும் விதியை நான் எழுதினேன். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய விடுதி இடம் என் தம்பி மகனுடைய மகளுக்குப் போயிற்று. இனி எழுதப்போவதெல்லாம் இதற்கு விளக்கம்தான். விளக்கம் சொல்லச் சொல்லச் சமாதானமாக மாறிவிடும் என்பதால் செய்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு, பள்ளி மைதானத்தில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிற கூடைப்பந்துப் போட்டிக்குச் செயலாளராக இருந்தேன். எனக்குப் பந்து போடத் தெரியாது. ஸ்கோர் எழுதத் தெரியும். கோர்ட்டின் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு மேஜை போட்டு, கறுப்பு பேனா ஒன்றும் சிவப்பு பேனா ஒன்றும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆண்கள் அணி எட்டு, பெண்கள் அணி நான்கு வரும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். கூடையை நோக்கிப் பந்து எறிகிறவரை எதிரணியினர் இடித்தாலோ பிடித்தாலோ அது ஃபவுல். அதற்கு ஈடாக, இடிபட்டவர் ஒரு கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், கூடையில் இரண்டு முறை பந்து போடலாம். ஒவ்வொன்றும் விழுந்தால் ஒரு புள்ளி. அதுதான் ஃப்ரீ த்ரோ. அந்த நேரத்தில் மற்ற ஒன்பது பேரும் சும்மா நிற்பார்கள். ஆட்டம் அங்கே நின்றுவிடும்.

எங்கள் போட்டியில் நேரம்தான் எப்போதும் தொல்லை. பெண்களின் இறுதி ஆட்டத்தைக் கடைசியில் வைப்பது வழக்கம், ஏனென்றால் சிறப்பு விருந்தினர் தாமதமாகத்தான் வருவார். பெண் பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுக்கிற படம்தான் அவருக்கு வேண்டும். ஆனால் வெளியூர்ப் பெண்கள் திரும்பிப் போவதற்கு ஐந்து நாற்பது பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்களைக் கூட்டி வருவோம். ஒரு வருடம் நான்காவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி, நடந்துகொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். ஓர் அணி முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு ஷூவோடு ரோட்டுக்கு ஓடிற்று. கோர்ட்டில் ஐந்து பேர் நின்றார்கள், எதிரில் யாரும் இல்லை. ஆட்டம் முடியவில்லை. அன்று ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த தேர்வாளர் யாரையும் தேர்ந்தெடுக்காமல் போய்விட்டார்.

அந்தத் தேர்வாளரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வருகிறவர். எங்கள் போட்டியிலிருந்து வருடத்துக்கு ஒரு பெண். ஒரே ஒரு பெண். மூன்று வருடப் படிப்பு, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, எதற்கும் கட்டணம் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு அது ஒரு பெருமை. நான் சொல்கிற பெண்ணுக்கு அதைத் தவிர வேறு வழியே கிடையாது. அவள் வீடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், இருளர் குடியிருப்பில். அப்பா சவுக்கு வெட்டப் போவார். அம்மா நாற்று நடவும் களை எடுக்கவும் எங்கள் தெருக்காரர்களின் கழனிக்குத்தான் வருவார். அந்தக் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த இரண்டாவது ஆள் அவள்.

அவள் ஆட்டத்தை நான் மூன்று வருடம் மேஜையிலிருந்து பார்த்தேன். ஓடிக்கொண்டே போடுகிற பந்து தவறுவது அபூர்வம். ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால் முதல் பந்து ரிங்குக்கு முன்னாலேயே இறங்கிவிடும், அல்லது போர்டின் தலையில் போய் இடிக்கும். இரண்டாவது பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே போகும். ஒருநாள் பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்க மேஜைப் பக்கம் வந்தபோது, ஏன் அப்படி என்று கேட்டேன். சிறு வயதில் கருவேல முள் குத்தி அவளுக்கு இடது கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெளியே பார்த்தால் தெரியாது. ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவர்களை வைத்துத் தூரம் தெரிந்துவிடுகிறது, அசையாமல் நின்றால் கூடை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிவதில்லை என்றாள்.

“மொத பந்து கேக்கறதுக்கு சார். எங்க போயி படுதுன்னு பாத்துக்குவேன். ரெண்டாவதுதான் போடறதுக்கு.”

அப்புறம், யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். கண் விஷயம் தெரிந்தால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஆட்டம் பாதியில் நின்றுபோனதற்கு அடுத்த வருடம் கமிட்டி கூடியது. நேரத்தைச் சுருக்க ஏதாவது செய்தாக வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. தலைவர் அரிசி மில்காரர். நான் போனில் படித்திருந்த ஒன்றைச் சொன்னேன். அமெரிக்காவில் இளம் ஆட்டக்காரர்களுக்கான ஒரு லீக்கில், ஆட்டத்தை வேகப்படுத்துவதற்காக, இரண்டு ஃப்ரீ த்ரோவுக்குப் பதில் ஒன்றே ஒன்று போடச் சொல்கிறார்கள். அது விழுந்தால் இரண்டு புள்ளி, விழாவிட்டால் ஒன்றுமில்லை. அமெரிக்கா என்றதும் தலைவருக்குப் பிடித்துப்போயிற்று.

பி.டி. சாருக்குப் பிடிக்கவில்லை. செய்யாறு பக்கத்திலிருந்து வந்து எங்கள் பள்ளியில் வேலை பார்த்தவர், அவள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்தச் சிமெண்டுக் கோர்ட்டே அவர் அலைந்து கொண்டுவந்ததுதான்.

“போன வருசம் ஃப்ரீ த்ரோவுக்கு மொத்தமா எவ்ளோ நேரம் சார் போச்சி? பத்து நிமிசம் இருக்குமா? மேடையில பொன்னாட போத்தறதுக்கே முக்காமணி நேரம் ஆச்சி. வந்தவரு உத்திரமேரூர் கல்வெட்டப் பத்திப் பேசினது அரைமணி நேரம். அத்தக் கொறைங்க. பந்த இன்னாத்துக்குக் கொறைக்கிறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டு, பொன்னாடையைக் குறைத்தால் அடுத்த வருடம் பந்தல் போட எவன் வருவான் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம், மரியாதையைக் குறைக்க முடியாது.

பி.டி. சார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொண்ணுக்கு மொத பந்து போவாது சார். ஒங்களுக்கே தெரியுமே” என்றார். அவருக்குக் கண் விஷயம் தெரியாது. வழக்கம் மட்டும்தான் தெரியும்.

அப்போது நான் செய்ததை இன்று நினைத்தாலும் கூசுகிறது. ஒரு நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் போடுகிற பந்தில் பாதி விழும் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதியில் இரண்டு பந்துக்குச் சராசரியாக ஒரு புள்ளி. புதிய விதியில் ஒரே பந்து, பாதி வாய்ப்பு, இரண்டு புள்ளி. அதற்கும் சராசரி ஒன்றுதான். யாருக்கும் லாபமில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, நேரம் மட்டும் மிச்சம். அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கணக்குல நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்றார்.

சரியில்லை. முதல் பந்துக்கும் இரண்டாவது பந்துக்கும் ஒரே வாய்ப்பு இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. ஒன்று எப்போதும் விழாது, மற்றது எப்போதும் விழும் என்றால், பழைய விதியில் அவளுக்கு ஒரு புள்ளி, புதிய விதியில் பூஜ்யம். எட்டாம் வகுப்புப் பையனுக்கே இது புரியும். அன்று காலையில்தான் நான் பீரோவிலிருந்து மூன்று வருட ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்த்திருந்தேன். விழாத பந்துக்கு வெறும் வட்டம், விழுந்த பந்துக்கு உள்ளே புள்ளி வைத்த வட்டம் என்று எழுதுவது என் பழக்கம். அவள் பெயருக்கு நேரே வெறும் வட்டம், புள்ளி வட்டம், வெறும் வட்டம், புள்ளி வட்டம் என்று வரிசையாகப் போயிருந்தது. எல்லாம் என் கையெழுத்து. நான் படித்த படிப்பை வைத்து, சரியாகச் சொன்ன ஒரு மனிதரின் வாயை அடைத்தேன்.

காலையில் ஏன் அந்த ஷீட்டை எடுத்துப் பார்த்தேன் என்று கேட்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் பெண் பக்கத்து ஊர்ப் பள்ளியின் அணியில் ஆடுகிறாள். எனக்குப் பேத்தி முறை. நன்றாகத்தான் ஆடுவாள், குறை சொல்வதற்கில்லை. காபி குடித்து முடித்துப் போகும்போது, “செலக்‌ஷன்ல ஒரே எடம்தானாமே பெரியப்பா” என்று மட்டும் சொன்னான். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். கேட்காததால் அது எனக்குள்ளேயே இருந்தது. இருவரும் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நிற்பார்கள் என்பது அந்த வருட அணிகளைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

அந்தப் பெண் எங்கள் தெருவில் பிறந்திருந்தால் இதைச் செய்திருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். செய்திருக்க மாட்டேன். மறுநாள் அவள் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்று நியாயம் கேட்பாரே என்ற பயம் இருந்திருக்கும். இந்த அப்பா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். நான் படித்த அந்த விதியில் ஒரு ஷரத்து உண்டு. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு பந்து விதி கிடையாது; பழையபடி இரண்டு பந்து. முடிவைத் தீர்மானிக்கிற நேரத்தில் யாருக்கும் அநியாயம் நடக்கக்கூடாது என்று அதை வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் எழுதும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். கிராமத்துப் போட்டிக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு, குழப்பம்தான் வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

போட்டியன்று காலையில் எல்லா அணிகளையும் நிறுத்தி விதியைப் படித்துக் காட்டினார்கள். அவள் மேஜைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு முந்தின ஆட்டத்தில் அவர்கள் அணி சுலபமாக ஜெயித்துவிட்டது. அவளை யாரும் ஃபவுல் செய்யவில்லை. எல்லாம் நல்லபடியாகவே போய்விடும் என்று கூட நினைத்தேன்.

இறுதி ஆட்டத்தில் முதல் ஃப்ரீ த்ரோ முன்னால் இறங்கிற்று. இரண்டாவதுமுறை போர்டில் இடித்தது. அந்த இரண்டுக்கும் நடுவே கால்மணி நேரம் ஆகியிருந்தது, முன்னால் போட்டதை வைத்து இதை அளக்க முடியாது. எதிரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் கையில் பந்து வந்து கூடையை நோக்கி எழும்பினால் உடனே பிடித்தார்கள். அப்படிப் பிடித்தால் இரண்டு புள்ளி மிச்சம் என்று ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ, “புடிச்சி வுடுங்கடி, பாக்கறதுக்குத்தான் பெரிய பிளேயரு” என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. ஸ்கோர் ஷீட்டில் அவள் பெயருக்கு நேரே வெறும் வட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்படியும் ஓடி ஓடிப் போட்டு, கடைசி நிமிடத்தில் அணியை ஒரு புள்ளி பின்னால் வரை கொண்டுவந்துவிட்டாள். எறியப் போனபோது பிடித்துவிட்டார்கள். ஃபவுல். பி.டி. சார் மேஜைக்கு ஓடிவந்தார். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பந்து கொடுப்பதுதானே முறை, இவர்கள் வேண்டுமென்றே பிடிக்கிறார்கள் என்றார். இரண்டு பந்து இருந்தால் ஒன்று விழுந்தாலே சமம். ரெஃப்ரி என்னைப் பார்த்தார். நோட்டீஸில் அப்படி இல்லை என்றேன். நான் எழுதாமல் விட்டதால் இல்லை.

அவள் ரெஃப்ரியிடம் ஏதோ கேட்டாள். புள்ளி வேண்டாம், ஒரு பந்து சும்மா போட்டுப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாளாம். அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன், முடியாதென்று.

பந்து ரிங்குக்கு ஒரு சாண் முன்னால் இறங்கிற்று. எதிரணி எடுத்துக்கொண்டு ஓடியது. விசில்.

மணி ஐந்து இருபது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இந்த வருடம் பஸ்ஸுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, சார் விதி பிரமாதம் என்றார்கள். தேர்வாளர் குறிப்பேட்டில் பேத்தியின் பெயரை எழுதிக்கொண்டார். மேஜைக்கு வந்து அந்த இன்னொரு பெண்ணைப் பற்றியும் கேட்டார். நன்றாக ஓடுகிறாள், ஆனால் ஃப்ரீ த்ரோவே விழவில்லையே, பதற்றமா என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஸ்கோர் ஷீட் கட்டு என் பைக்குள்ளேயே இருந்தது. “இருக்கலாம்” என்றேன்.

பேத்தி விடுதியில் நான்கு மாதம் இருந்தாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, காலை ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள், ஊர் ஞாபகமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டாள். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. போக வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை; ஆசையெல்லாம் அவள் அப்பாவுக்கு. இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறாள். அவள் பெட்டியோடு வந்து இறங்கியதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒருத்தியிடமிருந்து பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுத்தேன் என்று கூடச் சொல்லிக்கொள்ள முடியாமல் போயிற்று. பிடுங்கியது மட்டும்தான் மிஞ்சியது.

உடனே தேர்வாளருக்கு எழுதினேன். நடந்தது முழுவதையும் எழுதி, காலியான இடத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கக் கேட்டேன். ஸ்கோர் ஷீட் நகல்களையும் வைத்தேன். பதில் மரியாதையாக வந்தது. சேர்க்கை முடிந்துவிட்டது, அடுத்த வருடம் அந்த வருடத்துப் பிள்ளைகளைத்தான் எடுக்க முடியும், தவிர, உள்ளூர்ப் போட்டியின் விதி இரண்டு அணிக்கும் பொதுவாகத்தானே இருந்தது என்று கேட்டிருந்தார். நான் பி.டி. சாருக்குச் சொன்ன அதே பதில்.

அதற்குள் அவள் கம்பெனி வண்டியில் போக ஆரம்பித்திருந்தாள். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. விடிவதற்குள் ஏரிக்கரை ரோட்டில் வேன் வந்து நிற்கும். சின்னச் சின்ன உதிரிப் பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அங்கே நல்ல பேர் எடுத்திருக்கிறாள் என்று பி.டி. சார் சொன்னார். தபால் வழியில் பட்டப்படிப்புக்குப் பணம் கட்டப் போகிறாளாம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த போட்டிக்கு முன் கமிட்டியில் ஒரு பந்து விதியை எடுக்கச் சொன்னேன். ஏன், நன்றாகத்தானே போயிற்று என்றார் தலைவர். காரணத்தைச் சொன்னேன். தம்பி மகன் பேரைக் கூட மறைக்கவில்லை. தலைவர் சங்கடப்பட்டுக்கொண்டு, ஆனது ஆகிவிட்டது, எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார். எனக்கு அது போதவில்லை. நாலு பேர் முன்னால் செய்த தப்பை நாலு பேர் முன்னால் சொல்லித்தான் தீர்க்க வேண்டும் என்று பட்டது. இரண்டு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டியன்று காலையில் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். எதையும் ஒளிக்கக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் எழுதினேன். முதல் பந்து ஏன் விழாது என்பதையும் எழுதினேன். கண் விஷயத்தை எழுதாமல் என் தப்பின் கனம் யாருக்கும் புரியாது என்று நினைத்தேன். அதை எழுதும்போது, வார்த்தைகள் நன்றாக வந்திருக்கின்றன என்று ஒரு திருப்திகூட இருந்தது.

படித்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் இப்படி யார் ஒப்புக்கொள்வார்கள், என்ன மனசு சார் உங்களுக்கு என்றார்கள். யாரோ போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். பதிலுக்குக் கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்தன. தம்பி மகன் மட்டும் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதை நான் தண்டனையாக ஏற்றுக்கொண்டேன். கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்தார். வரமாட்டார் என்று நான் நினைத்திருந்த அதே மனிதர். கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“கண்ணு சேதிய எதுக்கு சார் எழுதினீங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. கம்பெனியில் சேரும்போது கண் பரிசோதனை உண்டு. வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரிலிருக்கும் எழுத்துகளை இடது கண்ணால் படிக்க வேண்டும். வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர்கள் படித்ததைக் காதால் கேட்டு, மனப்பாடம் செய்து, அப்படியே ஒப்பித்துத் தேறியிருக்கிறாள். நல்ல கண் ஒன்று போதும் அந்த வேலைக்கு. ஒரு கீறலையும் அவள் விட்டதில்லை. ஆனால் அதே வேனில் எங்கள் ஊரிலிருந்து நான்கு பேர் போகிறார்கள். அவர்கள் போனில் நான் போர்டில் ஒட்டிய கடிதத்தின் படம் இருந்தது. அது சூப்பர்வைசர் கைக்குப் போயிற்று. மறுபடி பரிசோதித்தார்கள். இந்தமுறை தனியாக, வேறு எழுத்துகளை வைத்து. பொய் சொல்லிச் சேர்ந்ததாக எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாளிலிருந்து வேனில் ஏற வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“பெரியவங்க தப்ப ஒத்துக்கினீங்கன்னு ஊரே பேசுது சார். நல்லதுதான். அவளாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு எழுதியிருக்கலாம்.”

இவ்வளவுதான் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கமிட்டியிலிருந்து விலகினேன். அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்து பார்த்தேன். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவளைப் பார்க்கப் போனேன். பாலாற்றுப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு சவுக்குத் தோப்பில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் அப்பாவோடு அங்கே வேலைக்குப் போகிறாள் என்று சொன்னார்கள். வெட்டிப் போட்ட மரங்களின் கிளையைக் கழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வாத்தியார் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டாள். கம்பெனிக்கு நானே எழுதுகிறேன், கடிதத்தில் இருந்தது தவறு, எனக்கு வயதாகிவிட்டது, வேறு யாரையோ நினைத்து எழுதிவிட்டேன் என்று சொல்கிறேன் என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “டெஸ்ட்டே பண்ணிட்டாங்க சார். இப்ப போயி பொய் எழுதுவீங்களா?”

வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். தபால் படிப்புக்கு நான் கட்டுகிறேன் என்றேன். தெரிந்த பள்ளியில் ஏதாவது வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். பேசப் பேச, நானே அவளுக்கு அடுத்த விதியை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றிற்று. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

“ஒண்ணும் பண்ணாதீங்க சார்” என்றாள். கெஞ்சலாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. வெயிலில் அவள் கண்கள் இரண்டும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தன. “நீங்க எது பண்ணாலும் எனக்கு வேற மாரி வருது.”

இதை எழுதலாமா என்று அன்றே கேட்டேன். என் பேரும் வேண்டாம், எங்கள் இடத்தின் பேரும் வேண்டாம், மற்றதை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அதன்படி எழுதியிருக்கிறேன். தொழிற்சாலை இருக்கிற இடத்தையும் இன்னும் ஒன்றிரண்டையும் மாற்றியிருக்கிறேன்.

லாரி வந்தது. அவள் போய் ஒரு கட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனையை அவள் அப்பா பிடித்தார். ஏற்றுகிற வழியில் நான் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் நகருங்கள் சார் என்றார் டிரைவர். நகர்ந்தேன்.